சிறுத்தையின் வருகைப் பதிவேடு



காட்டில் திரியும் சிறுத்தைகளை எவ்வாறு எண்ணுகிறார்கள் என்பதைப்பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்குச் சிறுத்தையைப்பற்றி என்ன கவலை என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். நமக்குக் கிழக்கே கடல், தெற்கே துறைமுகம், வடக்கே அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள், நடுவே ஆலைகளும், சரக்குப் பெட்டிகளை ஏற்றிய லாரிகளின் நெடுவரிசையும். சிறுத்தையைக் காண வேண்டுமானால் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத்தான் போகவேண்டும். நானும் நெடுநாள் அவ்வாறே நினைத்திருந்தேன்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்த நினைப்பு மாறிற்று. அம்மாதத் தொடக்கத்தில், மயிலாடுதுறை நகரின் கூறைநாட்டுப் பகுதியில் ஓரிரவு ஒரு சிறுத்தை நடந்து செல்வது தெருவோரக் கண்காணிப்புக் கேமராவில் பதிவாயிற்று. மயிலாடுதுறை மலைநாடு அன்று; காவிரிப் படுகை. நெல் வயலும் வாய்க்காலும் மூங்கில் புதரும் உள்ள சமவெளி. அங்கே சிறுத்தை எப்படி வந்தது என்று ஊரார் திகைத்தனர். சில பள்ளிகளுக்கு விடுமுறை விட்டனர். வனத்துறையினர் கூண்டுகளை வைத்தனர். தானியங்கிக் கேமராக்களையும் பொருத்தினர். சில நாள்களுக்குப் பின், அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கம் சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி வந்தது. மயிலாடுதுறையில் வைத்த கூண்டுகளில் அது அகப்படவே இல்லை.

அந்த நாள்களில் எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், அது நம் ஊருக்கும் வருமா?" என்று கேட்டான். அவனுடன் வந்த அவன் தமக்கை கல்லூரியில் படிப்பவள். அவள், "மயிலாடுதுறையில் பார்த்ததும் செந்துறையில் பார்த்ததும் ஒரே சிறுத்தைதானா, சார்? எப்படித் தெரிந்துகொள்வார்கள்?" என்று கேட்டாள். தம்பி கேட்டது அச்சத்தில் பிறந்த கேள்வி. தமக்கை கேட்டது அறிவில் பிறந்த கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல முடியும். ஆகவே இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

எந்தச் சிறுத்தை என்று அறிவதில் அப்படி என்ன முக்கியம்? எதுவாயினும் பிடித்துத் தொலைவில் விட்டுவிட்டால் போதாதா? போதாது என்பதை மகாராட்டிர மாநிலத்து ஜுன்னர் வட்டாரம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அங்கே 2001 முதல் 2003 வரை சிறுத்தைகளைப் பெருந்தொகையாகப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். வித்யா ஆத்ரேயா என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதன் விளைவை ஆராய்ந்தனர். அதற்கு முன்பு ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் அவ்வட்டாரத்தில் சிறுத்தையால் தாக்கப்பட்டனர். இடம் மாற்றத் தொடங்கியபின் அது 17 ஆக உயர்ந்தது. பழகிய நிலத்திலிருந்து பிரித்து, அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு அமைதியாக இருப்பதில்லை. மேலும், கூண்டுக்குள் கட்டிய ஆட்டை நாடி வருவது குற்றம் செய்த சிறுத்தையாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? கூண்டுக்குக் குற்றவாளி யார், வழிப்போக்கன் யார் என்று தெரியாது.

இவ்வாறு சொல்வதால் மனிதரின் துன்பத்தை நான் சிறிதாக எண்ணுவதாகக் கொள்ளவேண்டா. அதே 2024ஆம் ஆண்டு ஜனவரியில், நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் அருகே தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று சிறுத்தையால் மாண்டது. அத்தகைய விலங்கைப் பிடித்தே தீரவேண்டும். வனத்துறையினர் அங்கே மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர். ஆனால் பிடிக்கவேண்டியது அந்த ஒன்றையே. வேறொன்றைப் பிடித்துவிட்டு 'அபாயம் நீங்கிற்று' என்று அறிவித்தால், நம்பிக் கதவைத் திறந்து வைக்கும் தாய்க்கு நாம் செய்வது துரோகமன்றோ?

ஆகவே, சிறுத்தையைத் தனித்தனியே அடையாளம் காணவேண்டும். ஆனால் அது இரவில் உலவும் விலங்கு, தனித்து வாழ்வது, ஓசையின்றி நடப்பது, நிறத்தாலும் புள்ளியாலும் நிழலோடு நிழலாகக் கலந்துவிடுவது. காட்டில் பல்லாண்டு பணியாற்றிய காவலர்கள்கூட அதைக் கண்ணால் கண்ட நாள்கள் சிலவே. கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவது எப்படி?

முற்காலத்தில் காலடித் தடத்தைக் கொண்டு எண்ணினார்கள். ஈர மண்ணில் பதிந்த தடத்தைக் கண்ணாடித் தகட்டின்மீது வரைந்து, வடிவத்தையும் அளவையும் ஒப்பிட்டு, இது இன்ன விலங்கு என்று தீர்மானித்தனர். புலிகளை எண்ணுவதற்கு நம் நாட்டில் பல ஆண்டுகள் இம்முறையே வழங்கிற்று. இதில் ஒரு குறை உண்டு. ஒரே விலங்கின் தடம் களிமண்ணில் ஒரு விதமாகவும் மணலில் வேறு விதமாகவும் பதியும். நம் கடற்கரையில் ஈர மணலிலும் உலர்ந்த மணலிலும் நடந்து உங்கள் காலடியையே ஒப்பிட்டுப் பாருங்கள், உண்மை விளங்கும். வரைபவர் கைக்கு ஏற்பவும் வடிவம் மாறும்.

இக்குறையினால் விளையும் கேடு ஏட்டோடு நின்றுவிடுவதன்று. இராஜஸ்தானத்துச் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஏட்டுக் கணக்கில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005ஆம் ஆண்டில் நுணுகி ஆராய்ந்தபோது, காட்டில் ஒரு புலிகூட இல்லை என்று தெரியவந்தது. திருட்டு வேட்டைக்காரர்கள் அவற்றை ஒழித்திருந்தனர். வகுப்பில் இல்லாத மாணவனுக்கு 'வந்தான்' என்று நாள்தோறும் குறியிட்டு வந்தால், அவன் எங்கே போனான் என்று யார் தேடுவார்? பொய்க் கணக்கு புலியைக் காப்பாற்றாது. இந்நிகழ்ச்சிக்குப் பின் எண்ணும் முறையே மாறிற்று. 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் நாடு தழுவிய புலிக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராவே முதன்மையான கருவியாயிற்று. புலிக்காக வைத்த கேமராவின் முன் சிறுத்தையும் நடந்ததால், சிறுத்தையின் கணக்கும் நமக்குக் கிடைத்தது.

இக்கருவியைக் கேமராப் பொறி என்றும் சொல்வர். பொறி என்னும் தமிழ்ச் சொல்லுக்கு எலியைப் பிடிக்கும் கருவி என்பது ஒரு பொருள். இயந்திரம் என்பது மற்றொரு பொருள். ஐம்பொறி என்னும்போது கண், செவி போன்ற புலன் உறுப்பு என்பது மூன்றாவது பொருள். மூன்று பொருளும் இக்கருவிக்குப் பொருந்துகின்றன. இது பிடிக்கிறது, ஆனால் விலங்கையன்று, அதன் உருவத்தை. இது இயந்திரம். இதற்குப் புலனும் உண்டு.

இதன் வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர், மான் காலால் இடறும்படி கம்பியைக் கட்டி, இடறியவுடன் ஒளி வெடித்துப் படம் பதியும்படி செய்தார். அவருடைய இரவுப் படங்களை 1906ஆம் ஆண்டில் நேஷனல் ஜியோகிராபிக் இதழ் வெளியிட்டது. நம் நாட்டில், ஐக்கிய மாகாணத்து வனத்துறையில் பணியாற்றிய சாம்பியன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, புலி நடக்கும் தடத்தில் அவ்வாறே கம்பியைக் கட்டிப் படமெடுத்து, 1927இல் நூலாக வெளியிட்டார். ஏனையோர் புலித்தோலைச் சுவரில் மாட்டிய காலத்தில் அவர் புலியின் படத்தை மாட்டினார். பிற்காலத்தில், கருநாடகத்தைச் சேர்ந்த உல்லாஸ் காரந்த் என்னும் அறிஞர் நாகரஹொளே காட்டில் கேமராக்களை வைத்து, படங்களிலிருந்து புலிகளின் தொகையைக் கணித முறையில் மதிப்பிட்டு, 1995இல் கட்டுரை வெளியிட்டார். படம் எடுப்பது எண்ணும் கலையாக மாறியது அப்போதுதான்.

இன்றைய கருவியில் இடறுகம்பி இல்லை. அதற்குப் பதிலாக வெப்பத்தை உணரும் புலன் இருக்கிறது. எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்திற்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன. அவை நம் கண்ணுக்குப் புலப்படா. அவற்றை உணரும் இரண்டு சிறு வில்லைகள் கருவியினுள் அருகருகே உள்ளன. இவற்றைத் தராசின் இரு தட்டுகளாக எண்ணிக்கொள்ளுங்கள். எதிரே வெறும் மரமும் மண்ணும் இருக்கும்போது இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் விழுகிறது. தராசு சமமாக நிற்கிறது. வெப்பமுள்ள உடல் ஒன்று குறுக்கே கடந்தால், வெப்பம் முதலில் ஒரு தட்டில் விழுந்து, பிறகு மற்றதில் விழுகிறது. தராசு சாய்கிறது. சாய்ந்த அக்கணமே கேமரா விழித்துக்கொண்டு படமெடுத்து, நாளையும் நேரத்தையும் படத்தின்மேல் பொறித்து, மீண்டும் உறங்கிவிடுகிறது.

இதிலிருந்து இதன் குறையையும் நீங்களே ஊகிக்கலாம். வெயிலில் காய்ந்த புல் காற்றில் அசைந்தாலும் தராசு சாயும். ஒன்றுமில்லாத படம் விழும். கடுங்கோடை நண்பகலில் மண்ணின் சூடும் விலங்கின் சூடும் ஒன்றானால், விலங்கு நடந்தும் தராசு சாயாது போகலாம். யானை இக்கருவியை விரும்புவதில்லை. பிடுங்கி மிதித்துவிடுவதும் உண்டு.

கேமராவை மரத்திலோ கம்பத்திலோ ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் கட்டுகிறார்கள். அதுவே நடந்து செல்லும் சிறுத்தையின் விலாப்பக்கம் நேராகத் தெரியும் உயரம். காட்டின் நடுவே எங்கோ ஓரிடத்தில் வைப்பதில்லை. புதரில் முள் குத்தும், சருகு ஓசை எழுப்பும். ஆதலால் நம்மைப் போலவே சிறுத்தையும் நடப்பதற்குப் பாதையை நாடுகிறது. அதன் காலடியும் எச்சமும் நகக்கீறலும் எங்கே உள்ளன என்று காவலர்கள் முன்னதாகவே நடந்து பார்த்து இடம் தேர்கிறார்கள். காட்டை இரண்டு சதுர கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாக வகுத்து, கட்டத்திற்கு ஓர் இணையாகக் கேமராக்களை வைப்பது நாடு தழுவிய கணக்கெடுப்பின் வழக்கம்.

இணையாக வைப்பது ஏன்? இங்கேதான் அந்தக் கல்லூரி மாணவியின் கேள்விக்கு விடை இருக்கிறது. சிறுத்தையின் உடலில் உள்ளவை வெறும் புள்ளிகள் அல்ல. பல சிறு கரும்புள்ளிகள் வட்டமாகக் கூடி, இதழ் விரிந்த பூவைப் போன்ற வளையங்களாக அமைந்திருக்கின்றன. சிவிங்கிப்புலிக்குத்தான் தனித்தனிப் புள்ளிகள், வேங்கைப்புலிக்கு வரிகள். ஒரு சிறுத்தையின் வளையங்கள் அமைந்த கோலம் வேறெந்தச் சிறுத்தைக்கும் இராது. நம் கட்டைவிரல் ரேகையைப் போல அது வாழ்நாள் முழுவதும் மாறாது. ஆனால் ஒன்று: வலப்பக்கக் கோலம் வேறு, இடப்பக்கக் கோலம் வேறு. ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்தால், திங்கட்கிழமை வலமாகச் சென்றதும் செவ்வாய்க்கிழமை இடமாகச் சென்றதும் ஒன்றா இரண்டா என்று சொல்ல இயலாது. ஆதலால் பாதையின் இரு புறமும் எதிரெதிரே கேமராக்களை வைத்து, இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் படமெடுக்கிறார்கள். கணிப்பொறி கோலங்களை ஒப்பிட்டு, ஒத்திருக்கக்கூடியவற்றைத் தேர்ந்து தருகிறது. இறுதித் தீர்ப்பு மனிதக் கண்ணுடையது. நீலகிரிக் காடுகளில் உள்ள கருஞ்சிறுத்தையும் தனி இனம் அன்று. கருமை மிகுந்த சிறுத்தையே. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் அதன் கருமைக்குள்ளும் பூ வளையங்கள் தெரிவதுண்டு.

ஆகவே, இரண்டு ஊர்களில் தெளிவான பக்கப் படங்கள் கிடைத்து, அவை ஒரே பக்கத்தைக் காட்டினால், ஒரே சிறுத்தையா அன்றா என்று உறுதியாகச் சொல்லலாம். கண்ணால் கண்டதாகச் சொல்லும் நூறு வாய்களைவிடத் தெளிவான ஒரு படம் பெரிது.

சரி, அடையாளம் கண்டாயிற்று. ஆயினும் கேமராவில் விழுந்த சிறுத்தைகள்மட்டுமே காட்டில் உள்ளவை ஆகுமா? கேமராவின் முன் வராதவற்றை எப்படி எண்ணுவது? இதற்கு விடை காட்டிலிருந்து வரவில்லை. நம் காசிமேட்டு மக்களுக்குப் பழக்கமான கடலிலிருந்து வந்தது. டென்மார்க்கு நாட்டில் பீட்டர்சன் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தட்டை மீன்களைப் பிடித்து, அடையாள வில்லை கட்டி, மீண்டும் கடலில் விட்டு ஆராய்ந்தார். அமெரிக்காவில் லிங்கன் என்பவர் 1930இல் காட்டு வாத்துகளின் காலில் வளையமிட்டு, அவற்றின் தொகையை மதிப்பிட்டார். குறியிட்டு விட்டு மறுபடியும் பிடித்தல் என்னும் இம்முறைக்கு இவ்விருவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது.

இதை நான் வகுப்பறையில் புளியங்கொட்டையைக் கொண்டு விளக்குவது வழக்கம். பானை ஒன்றில் எண்ணிக்கை தெரியாத புளியங்கொட்டைகளைப் போடவேண்டும். அதிலிருந்து 40 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்பால் குறியிட்டு, மீண்டும் பானையில் போட்டு, நன்றாகக் குலுக்கவேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு 50 கொட்டைகளை எடுக்கவேண்டும். அவற்றில் 10 கொட்டைகள் குறியுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறியுள்ளவை. அப்படியானால் பானையிலும் ஐந்தில் ஒரு பங்கே குறியுள்ளவையாக இருக்கும். குறியிட்டவை 40, ஆகவே மொத்தம் 200. எண்ணாமலே எண்ணிவிட்டோம்!

முதல்முறை இதைச் செய்து காட்டியபோது நான் பெரும்பிழை செய்தேன். பானையைக் குலுக்க மறந்துவிட்டேன். குறியிட்ட கொட்டைகள் மேலேயே கிடந்தன. எடுத்த 50இல் 25 குறியுள்ளவையாக வந்தன. கணக்கிட்டால் 80தான்! கொட்டைகளைக் கொட்டி எண்ணியபோது இருநூறுக்குமேல் இருந்தது. மாணவர்கள் சிரித்தார்கள். ஆனால் அன்று நான் செய்த பிழைதான் அவர்களுக்கு நல்ல பாடமாயிற்று. சூத்திரம் சரியாக இருந்தாலும், கலவை சரியாக இல்லாவிட்டால் விடை பிழைபடும். காட்டில் பானையைக் குலுக்க முடியுமா? முடியாது. அதனால்தான் எந்தக் கட்டத்தையும் விட்டுவிடாமல் காடு முழுவதும் கேமராக்களைப் பரப்புகிறார்கள். ஓரிடத்திலேயே வைத்தால், அங்குள்ள ஓரிரு சிறுத்தைகளே திரும்பத் திரும்ப விழும், கணக்கு குறைந்துவிடும்.

சிறுத்தைக்குச் சுண்ணாம்புக் குறி வேண்டியதில்லை. இயற்கையே குறியிட்டு அனுப்பியிருக்கிறது. பிடிக்கவும் வேண்டியதில்லை, படமே பிடித்தல். ஆய்வாளர்கள் ஒரு பதிவேடு திறக்கிறார்கள். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது கையெழுத்திட்டு வந்த வருகைப் பதிவேட்டைப் போன்றதே அது. ஒவ்வொரு சிறுத்தைக்கும் ஒரு வரி. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கட்டம். படத்தில் விழுந்த இரவுக்கு ஒன்று; விழாத இரவுக்குப் பூச்சியம். சில வாரங்களில் ஏடு நிறைகிறது. பெரும்பாலான சிறுத்தைகள் பலமுறை விழுந்திருந்தால், ஒருமுறைகூட விழாதவை மிகச் சிலவே என்று ஊகிக்கலாம். பெரும்பாலானவை ஒரே ஒருமுறை விழுந்திருந்தால், விழாதவை இன்னும் பல இருக்கவேண்டும். வந்தவர்களின் வருகையைக்கொண்டே வராதவர்களின் தொகையை அளக்கும் கணக்கு இது. ஒவ்வொன்றும் எந்தெந்த இடத்துக் கேமராவில் விழுந்தது என்பதையும் சேர்த்து, அது உலவும் எல்லையையும் இன்று மதிப்பிடுகிறார்கள்.

இந்த வேலையின் அளவைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் புலியின் படங்கள் 76,651. சிறுத்தையின் படங்கள் 51,777. அதாவது ஏறத்தாழ 670 படங்களைப் பார்த்தால் ஒன்றில் சிறுத்தை. உலகிலேயே பெரிய கேமராக் கணக்கெடுப்பு என்று கின்னஸ் ஏட்டில் அது இடம்பெற்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சிறுத்தைகள் 13,874, தமிழ்நாட்டில் 1,070. அதற்கு முந்திய 2018ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் 12,852, தமிழ்நாட்டில் 868.

இந்த எண்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதைவிட, அவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட வேறொன்றைக் கவனியுங்கள். 13,874 என்று சொன்ன அறிக்கையே, உண்மைத் தொகை 12,616க்கும் 15,132க்கும் இடைப்பட்டிருக்கலாம் என்றும் சொல்கிறது. சிறுத்தை வாழக்கூடிய நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கையே இக்கணக்கு தழுவியது என்றும் ஒப்புக்கொள்கிறது. இது குறைபாடு அன்று, நேர்மை. சரிஸ்காவின் பழைய ஏட்டில் ஐயத்திற்கு இடமே இல்லாத முழு எண்கள் இருந்தன, புலிதான் இல்லை.

கணக்கில் சேராத நிலம் எப்படிப்பட்டது என்று அறிய மகாராட்டிரத்து அகோலே வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே அடர்ந்த காடு இல்லை. கரும்புத் தோட்டங்களும் வயல்களும் ஊர்களுமே உள்ளன. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்குமேல் வாழ்கிறார்கள். முன்பு கண்ட வித்யா ஆத்ரேயாவும் துணைவர்களும் அங்கே கேமராக்களை வைத்தபோது, 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் வாழ்வதாகத் தெரிந்தது. 2013இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பகலில் மனிதர் நடக்கும் வரப்பிலேயே இரவில் சிறுத்தை நடக்கிறது. அதன் உணவில் பெரும்பங்கு ஊர் நாய்கள். இத்தனைக்கும், அங்கே அது மனிதரைக் கொல்லாமலே வாழ்ந்து வந்திருக்கிறது. கேமரா இல்லையேல் இதை எவர் நம்புவார்?

கேமராவைப் புகழ்ந்தது போதும். அதைப் பயன்படுத்துவோர்க்கு உள்ள கடமையையும் சொல்லவேண்டும். பாதையில் நடப்பது சிறுத்தைமட்டும் அன்று. சுள்ளி பொறுக்கச் செல்லும் பெண்ணும், மாடு ஓட்டிச் செல்லும் சிறுவனும் நடக்கிறார்கள். அவர்களுடைய உருவமும் படத்தில் விழுகிறது. உத்தரகண்டத்துக் கார்பெட் காட்டை அடுத்த ஊர்களில், கேமராவுக்கு அஞ்சிப் பெண்கள் காட்டில் பாடுவதையும் வாய்விட்டுப் பேசுவதையும் குறைத்துக்கொண்டனர் என்று 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. விலங்குகள் விலகிச் செல்லட்டும் என்று எழுப்பும் ஓசை அது. ஓசை குறைந்தால் ஆபத்து மிகும். ஊராரிடம் சொல்லி, அவர்கள் இசைவோடு வைத்து, மனிதர் படங்களை அழித்துவிடுவதே அறம். ஆலை வாயிலிலும் துறைமுக வாயிலிலும் நாள்தோறும் கேமராவின் முன் நடக்கும் நம் பகுதி மக்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். "அது நம் ஊருக்கும் வருமா?" வடசென்னையில் சிறுத்தை வாழ்வதற்கு ஏற்ற மறைவிடம் இல்லை; ஆகவே அஞ்சவேண்டா என்று அவனிடம் சொன்னேன். 'ஒருபோதும் வராது' என்று ஆணையிட்டுச் சொல்லவில்லை. மயிலாடுதுறையிலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். எந்த ஊரிலாயினும் வந்துவிட்டால் செய்யவேண்டியவை எளியவை. கூட்டம் கூடித் துரத்தக்கூடாது. வழியடைக்கப்பட்ட விலங்குதான் பாயும். குழந்தைகளை இரவில் தனியே வெளியே விடக்கூடாது. நேரில் காணாததைக் கண்டதாகப் பரப்பக்கூடாது. ஒரு பொய்ச்செய்தி வனக்காவலரை ஓரிரவு முழுவதும் தவறான இடத்தில் நிறுத்திவிடும். வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு, அவர்கள் கேமரா பேசும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

மாணவர்களே, முடிக்கும் முன் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருக்களில் நாய்கள் எத்தனை என்று யாரேனும் கேட்டால், ஒருவர் 'நூறு' என்பார்; மற்றொருவர் 'முப்பது' என்பார். நீங்கள் எண்ணிப் பாருங்கள். ஒருநாள் விடியற்காலையில், பெரியவர் ஒருவர் துணையோடு, குறித்த நான்கு தெருக்களில் நடந்து, காணும் ஒவ்வொரு நாயின் நிறத்தையும் திட்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்ட நின்றே பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் அதே வழியில் நடங்கள். முதல்நாள் 30 நாய்கள், மறுநாள் 24, அவற்றுள் 18 முன்னாள் கண்டவை என்றால், முப்பதை இருபத்து நான்கால் பெருக்கிப் பதினெட்டால் வகுங்கள். 40 என்று வரும். பக்கத்துத் தெரு நாய் வழிதவறி வந்திருக்கலாம். ஏதேனும் ஒன்று லாரிக்கு அடியில் உறங்கியிருக்கலாம். அந்த ஐயங்களையும் விடையின் கீழே எழுதுங்கள்.

அந்தக் கல்லூரி மாணவியும் அவள் தம்பியும் இதைச் செய்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் தம்பி என்னிடம் ஓடி வந்து, விடையைச் சொல்வதற்கு முன்பே, "சார், வலது காது மடிந்த வெள்ளை நாய் ஒன்று முதல்நாள் வரவில்லை, ஆனால் அது எப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறது!" என்றான். சிறுத்தையைக் கண்டு அஞ்சியவன், வராத ஒன்றையும் கணக்கில் சேர்க்கக் கற்றுக்கொண்டிருந்தான். அவனுடைய தாளில் அந்த நாய்க்கும் ஒரு வரி எழுதி, முதல்நாள் கட்டத்தில் பூச்சியம் இடச் சொன்னேன்.